ஆயில் குச்சியில் வைத்த பொட்டு

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டிய என் மகன் செல்வம். அவன் பக்கத்து சீட்டில், விழுப்புரத்தில் ஏறிக்கொண்ட என் மாப்பிள்ளை பாஸ்கர். பின்னால் மல்லாட்டைக் கடலை மூட்டைகளின் மேல் நான். எனக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரரின் அக்கா காசியம்மாள். மூட்டை இறக்குவதற்காகக் கூட வந்த ஏழுமலை. ரோட்டோரம் நுங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண். அவள் பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டேன், சகாயமேரி. கடைசியாக நீ. திண்டிவனத்தில் நீ வைத்திருந்த மெக்கானிக் ஷெட்டிலிருந்து பைக்கில் வந்து இறங்கினாய். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தாய். மொத்தம் ஏழு பேர். ஏழு பேரில் நடந்தது என்னவென்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். மூவரில் ஒருவன் நீ. நீ போய்ச் சேர்ந்து, வருகிற மார்கழியோடு ஒரு வருஷம்.

எனக்கு மறதி கிடையாது என்று உனக்குத் தெரியும், அண்ணா. மண்டகப்பட்டில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். உன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே கழனியில் களை எடுத்தவர்கள். உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவாள், என் அம்மா அமாவாசைக்கு அங்காளம்மனிடம் போவாள். மற்ற நாளெல்லாம் இரண்டு பேரும் ஒரே அடுப்பு. உன் அம்மா கிண்டிய கேப்பைக் களியில் எனக்கு வந்த உருண்டை உன்னுடையதைவிடச் சின்னது என்று தலை நரைத்த பிறகு ஒருநாள் உன்னிடம் சொல்லிக் காட்டினேன். “அத இன்னுமா வயித்துல வெச்சிக்கினு இருக்க?” என்று சிரித்தாய். வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். களியையே மறக்காதவள் இதை எப்படி மறப்பேன்?

போன ஞாயிற்றுக்கிழமை செல்வம் புது பிக்கப் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். வெள்ளை நிறம், சீட்டில் பிளாஸ்டிக் உறை கூடக் கழற்றவில்லை. பூசை போட என்னைக் கூப்பிட்டான். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, பானெட்டைத் திற என்றேன். எதற்கும்மா என்றான். திறடா என்றேன். உள்ளே மஞ்சள் வளையத்தோடு ஆயில் அளவு பார்க்கிற குச்சி நின்றது. செல்வம் அதை கேஜ் என்பான். எனக்கும் உனக்கும் அது குச்சிதான். இழுத்தேன், துணியில் துடைத்தேன், உள்ளே விட்டேன், மறுபடி இழுத்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் தேன் மாதிரித் தெளிவாக நின்றது. மூக்கருகே கொண்டுபோனேன். பழைய ஆயிலுக்கு இருந்த காரம் இதில் இல்லை. ஆனாலும் அடியில் எங்கேயோ அந்த இரும்பு வாசனை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நீ வந்து நின்றுவிட்டாய்.

“இது சிந்தடிக்மா. எப்ப மாத்தணும்னு வண்டியே சொல்லிடும்” என்றான் செல்வம்.

வண்டி சொல்லும். குச்சி சொன்னதை நான் மறைத்ததையும் அது சொல்லுமா? அதைச் சொல்லத்தான் எழுத்துக்கூட்டி இதை எழுதுகிறேன்.

அந்தப் பழைய பிக்கப்பை வாங்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். என் வீட்டுக்காரர் மெட்ராசில் கட்டட வேலைக்குப் போய்விட்டார். குத்தகைக்கு எடுத்த நிலத்து மல்லாட்டையையும் ஊரார் கத்தரிக்காயையும் ஏற்றிக்கொண்டு நான் வாக்கப்பட்ட கெடாரிலிருந்து விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓட்டுவான் செல்வம். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வண்டியால்தான். யாரோ ஓட்டித் தேய்த்த எஞ்சின். ஆயில் குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு லைட் நாங்கள் வாங்கும்போதே செத்திருந்தது. நீ காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஆயில் குடிக்கிற வண்டி, ஆனால் கேட்டதைக் கொடுத்தால் உழைக்கும் என்றாய். கிலோமீட்டரைப் பார்த்து ஆயில் மாற்று என்று செல்வத்திடம் சொன்னாய். அவன் தலையாட்டிக்கொண்டே போனைப் பார்த்தான். நீ என் பக்கம் திரும்பினாய்.

“இவன் ஆட்றத பாத்தா இது ஆவாது. தங்கச்சி, உனுக்கு அமாவாசை மறக்குமா?”

மறக்காது என்றேன். அப்படியானால் அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூருக்குக் கிளம்பும் முன்னால் குச்சியைப் பார், மூன்றாவது அமாவாசைக்கு ஆயில் மாற்ற என்னிடம் அனுப்பு என்றாய். அவ்வளவுதான். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற ஆள், என் வண்டிக்கு அங்காளம்மனை வைத்து நாள் குறித்துக் கொடுத்தாய். குச்சியில் இரண்டு புள்ளி. ஆயில் கீழ்ப் புள்ளிக்கு இறங்கக் கூடாது, மேல் புள்ளியைத் தாண்டக் கூடாது. அரிசிக்கு உலைத் தண்ணீர் பார்க்கிறவளுக்கு இது என்ன பெரிய வித்தை?

அமாவாசை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வருவேன். குச்சியைப் பார்ப்பேன். குறைந்திருந்தால் நீ கொடுத்து வைத்த டப்பாவிலிருந்து ஊற்றுவேன். பிறகு சக்கரத்துக்கு, ஸ்டியரிங்குக்கு, கடைசியில் அந்தக் குச்சியின் வளையத்துக்கு ஒரு மஞ்சள், மேலே ஒரு குங்குமம். போன அமாவாசைப் பொட்டைத் துடைத்துவிட்டுத்தான் புதுப் பொட்டு. ஒருமுறை நீ அதைப் பார்த்துவிட்டு, “எஞ்சினுக்குள்ள உங்க ஆத்தா, ஷெட்ல எங்க மாதா. இந்த வண்டி எப்பிடி நிக்கும்?” என்றாய். ஆறு வருஷம் நிற்கவில்லை. கழித்த கறுப்பு ஆயிலைக்கூட நீ வீணாக்க விடமாட்டாய். டப்பாவில் கொடுத்தனுப்புவாய், மாட்டுக் கொட்டகைக் கம்பத்தில் தடவுவேன். சுற்றுவட்டாரத்தில் எல்லார் வீட்டுக் கம்பத்தையும் கரையான் தின்றது. என் வீட்டுக் கம்பம் இன்றைக்கும் நிற்கிறது. மாடுதான் இல்லை.

பிறகு என் மாப்பிள்ளை விழுப்புரத்தில் ஆயில் கடை போட்டான். போட்டது தப்பில்லை. போட்ட மூன்றாம் மாதமே உலகத்து எஞ்சினெல்லாம் தனக்குத்தான் தெரியும் என்று பேச ஆரம்பித்தான், அதுதான் தாங்கவில்லை. அந்தத் தை அமாவாசைக்கு முந்தின நாள், ஆயில் மாற்ற நானும் செல்வமும் உன் ஷெட்டுக்கு வந்தபோது, அவனும் கையில் ஒரு பளபளப்பான டப்பாவோடு வந்தான்.

“மேஸ்திரி, காலம் மாறிப்போச்சு. இது சிந்தடிக். ஒருவாட்டி ஊத்தினா மூணு மடங்கு ஓடும். சும்மா சும்மா தொறந்து பாக்கறதுக்கு இது இன்னா சாம்பார் குண்டானா?”

நீ கோபப்படவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாய்.

“ஆயில் நல்ல ஆயில் மாப்ள. நான் இல்லேங்கல. சாவி போட்ட உடனே மேல ஏறிடும், சூட்டுக்கும் ஈடு குடுக்கும். புது எஞ்சினா இருந்தா நானே இதத்தான் ஊத்துவேன். இது கெழட்டு எஞ்சின். உள்ள அழுக்கு கட்டிக்கினு, அந்த அழுக்கே ஓட்டைய அடச்சிக்கினு ஓடுது. சாதா ஆயில் களி மாதிரி, வயித்துல நிக்கும். இது கஞ்சித் தண்ணி. அழுக்கக் கழுவிக்கினு போயி, ஓட்டையக் கண்டுபுடிச்சிடும்.”

“அப்ப என் ஆயில் வாணாங்கறீங்க” என்றான் அவன். உன்னிடம் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னான்.

நான் என்ன செய்வேன்? என் பெண் அவன் வீட்டில் இருக்கிறாள். இங்கே ஒரு டப்பாவைத் திருப்பி அனுப்பினால் அங்கே அவள் தட்டில் சோறு விழும் சத்தம் மாறும். ஊத்துண்ணா என்றேன். நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய். பழையதை வடித்தாய், கீழ் போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு முடுக்கினாய். மூன்று தரம் முடுக்கிப் பார்த்தாய், நான் எண்ணினேன். புது ஆயிலை ஊற்றி, டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு விழும்வரை நின்றாய். மாப்பிள்ளை அப்போது வெளியே போனில் இருந்தான்.

என்னிடம் தனியாக ஒன்று சொன்னாய். “இந்த ஆயிலுக்கு அமாவாசை மட்டும் பத்தாது. பௌர்ணமிக்கும் பாரு. எந்த ஆயில் ஊத்தினாலும் குச்சியப் பாக்கறவங்க இருந்தா எஞ்சின் சாவாது.”

மறுநாள் தை அமாவாசை. குச்சியைப் பார்த்தேன், மேல் புள்ளியில் இருந்தது. பொட்டு வைத்தேன். மலையனூருக்குப் போய் வந்தோம். நாலாம் நாள் என் வீட்டுக்காரரின் அண்ணன் செத்துப்போனார். கழனியில் மடை திருப்பப் போனவர் வரப்பில் உட்கார்ந்தவாக்கில் போய்விட்டார்.

காசியம்மாளுக்கு அவர் கூடப்பிறந்தவர். தாலி இறங்கியதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். வீட்டில் சாவு, தீட்டு, சடங்கு எல்லாவற்றுக்கும் அவள் சொல்தான் சட்டம். மூன்று மாசத்துக்கு ஒருவரும் மலையனூர்ப் படி ஏறக் கூடாது என்றாள். சரி என்றோம். அந்த வருஷம் மாசி மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை. ஆனால் வண்டி ஓடியது. வயிற்றுக்கு எங்கே தீட்டு? அறுவடைக் காலம் வேறு. ஒருநாள் ஓய்வில்லாமல் செல்வம் லோடு அடித்தான்.

மாசி அமாவாசை காலையில் பழக்க தோஷத்தில் துணியை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனேன். காசியம்மாள் வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி, செத்தவனுக்கு ஊத்தின தண்ணிகூடக் காயல, அதுக்குள்ள வண்டிக்குப் பொட்டா?”

நான் திரும்பி வந்துவிட்டேன். பொட்டு வேறு, குச்சி வேறு. பொட்டு வைக்காமல் குச்சியை மட்டும் பார்த்திருக்கலாம். இன்றைக்கு யோசித்தால் சின்னக் குழந்தைக்கும் தெரிகிற விஷயம். ஆனால் ஆறு வருஷமாக என் கையில் இரண்டும் ஒரே வேலை. குளிப்பது, குச்சி, பொட்டு, மலையனூர். ஒன்றை நிறுத்தியதும் மற்றதும் நின்றுவிட்டது. பௌர்ணமி வந்தது, பார்க்கவில்லை. பங்குனி அமாவாசை வந்தது, பார்க்கவில்லை. திறக்கவே வேண்டாம் என்று மாப்பிள்ளை சொன்னது மனசுக்கு ஒரு சாக்காக இருந்தது.

சித்திரையில் மல்லாட்டையை மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு திண்டிவனம் மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். குவியலுக்குக் காவல் உட்கார நானும் காசியம்மாளும் போனோம். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் எஞ்சினுக்குள் பித்தளைக் குடத்தில் கூழாங்கல் போட்டு உலுக்குகிற மாதிரிச் சத்தம். செல்வம் ஓரம் கட்டுவதற்குள் ஒரு கூச்சல் போட்டு நின்றுவிட்டது. மூட்டைமேல் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அண்ணா. நீ வந்து பானெட்டைத் தொடும் முன்பே தெரிந்துவிட்டது.

செல்வம் போன் போட்டதும் நீ வந்தாய். எஞ்சினைக் கையால் சுற்றப் பார்த்தாய், அசையவில்லை. குச்சியின் பக்கம் கையைக் கொண்டுபோனவன், இழுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

“தங்கச்சி, பங்குனி அமாவாசைக்குக் குச்சி பாத்தியா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செல்வத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “அத மொதல்ல சொல்லுங்க அத்த. ஆயிலே இல்லாம ஓட்டிட்டு, அப்புறம் எல்லாரும் என் ஆயிலக் கொற சொல்லுவீங்க.”

பார்த்தேன் என்றேன்.

எவ்வளவு இருந்தது என்று கேட்டாய். மேல் புள்ளி என்றேன்.

சொன்ன உடனே நாக்கு திரும்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், இல்லண்ணா, பாக்கல, தீட்டுன்னு விட்டுட்டேன் என்கிற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம் கிடைத்திருந்தால் விழுந்திருக்கும். அந்த மூச்சுக்குள் காசியம்மாள் புகுந்துவிட்டாள்.

“பாத்தாளே. நான்தான் தொடைக்கத் துணி எடுத்துக் குடுத்தேன்.”

நான் கேட்கவில்லை. கண் காட்டவில்லை. அவளாகத்தான் சொன்னாள். என்னைக் காப்பாற்றச் சொன்னாளா, தான் தடுத்தது வெளியே வந்துவிடும் என்று சொன்னாளா, எனக்குத் தெரியாது. ஒருத்தி சொன்னால் அது பேச்சு, திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கூட ஒருத்தி நின்றுவிட்டால் அது சாட்சி. இனி நான் பொய் என்றால் அவளும் பொய். மாப்பிள்ளை முன்னால், வீட்டுக்குப் பெரியவளைப் பொய்க்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ குச்சியை இழுத்தாய். வளையத்தின் மேல் மூன்று மாசத்துப் புழுதி அப்பியிருந்தது. புழுதிக்கு அடியில் நான் தையில் வைத்த பொட்டு, மஞ்சள் வெடித்து, குங்குமம் கறுத்து, வைத்தது வைத்தபடி இருந்தது. பங்குனியில் பார்த்திருந்தால் அந்தப் பொட்டு துடைக்கப்பட்டிருக்கும். ஒரு விரல் பட்டிருந்தாலும் கலைந்திருக்கும். என் வழக்கம் உனக்குத் தெரியும். நீ பார்த்துவிட்டாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன்.

மாப்பிள்ளை எட்டிப் பார்க்கக் குனிந்தான். அவன் குனிவதற்குள் நீ கட்டைவிரலால் அந்தப் பொட்டை அழுத்தித் துடைத்துவிட்டாய். துடைத்த விரலை பேண்டில் தேய்த்துக்கொண்டாய். பிறகுதான் குச்சியின் நுனியை எல்லோருக்கும் காட்டினாய். நுனியில் ஒரு சொட்டு இல்லை.

“மேல் புள்ளில இருந்த ஆயில் எங்க போச்சு? கீழ் போல்ட்ட நீங்க சரியா முடுக்கல மேஸ்திரி. வழியெல்லாம் ஒழுகிடுச்சி” என்றான் மாப்பிள்ளை.

நீ குனிந்து அடியில் பார்த்தாய். போல்ட் இருக்கிற இடத்தில் இறுக்கமாகத்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும். மூன்று தரம் முடுக்கியதை எண்ணியவள் நான். நிமிர்ந்து, “இருக்கும். என் வேலைலதான் கொற இருக்கும். மொதல்ல வேற வண்டி புடிச்சி மூட்டைய அனுப்புங்க, ஏலம் முடிஞ்சிடப் போவுது” என்றாய்.

சகாயமேரி உனக்கு ஒரு நுங்கு சீவிக் கொடுத்தாள். வெயிலில் வந்திருக்கிறாய் என்று அவளுக்கு மட்டும்தான் தோன்றியது. நீ அதை வாங்கி என் கையில் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ அறிந்ததுதான். ஆனாலும் எனக்கும் தெரியும் என்பது உனக்குத் தெரியட்டும். உள்ளே பேரிங்கெல்லாம் சுட்டு ஒட்டிப்போயிருந்தது. எங்கேயோ அலைந்து வேறொரு எஞ்சின் பிடித்து வந்து, கூலி வாங்காமல் மாட்டிக் கொடுத்தாய். கூலி வாங்காததையே உன் தப்புக்குச் சாட்சி என்றான் மாப்பிள்ளை. தன் கடைக்கு வருகிற டிரைவர் ஒவ்வொருவரிடமும் சொன்னான், திண்டிவனத்துக்காரருக்குக் கை தளர்ந்துவிட்டது, போல்ட் முடுக்க மறக்கிறார் என்று. விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து உன்னிடம் வந்த பிக்கப்கள் ஒன்றொன்றாக நின்றன. செல்வமும் வண்டியை வேறு இடத்தில் விட ஆரம்பித்தான். நான் தடுக்கவில்லை.

ஒரே ஒருநாள் வந்தேன். வறுத்த மல்லாட்டையை மடியில் கட்டிக்கொண்டு, பஸ் ஏறி, சொல்லிவிடுவது என்று வந்தேன். வாசல் நிறைய வண்டி நிற்கிற உன் ஷெட்டில் ஒரே ஒரு டிராக்டர் நின்றது. நீ ஸ்டூலில் உட்கார்ந்து நாலு நாள் பழைய பேப்பர் படித்துக்கொண்டிருந்தாய். எதிரே உட்கார்ந்து, அண்ணா, அன்னிக்கு என்று ஆரம்பித்தேன். நீ பேப்பரை மடித்தாய்.

“பொண்ணு நல்லா இருக்காளா?”

இருக்கிறாள் என்றேன்.

“மாப்ள ஒழுங்கா வெச்சிக்கிறானா?”

வைத்துக்கொள்கிறான் என்றேன்.

“அது போதும்” என்று எழுந்து உள்ளே போனாய். ஒரு குச்சியோடு வந்தாய். பழைய எஞ்சினை எடைக்குப் போட்டுவிட்டேன், இதை மட்டும் எடுத்து வைத்தேன், இது உன்னுடையது என்றாய். டீசலில் கழுவி, துடைத்து, பளிச்சென்று இருந்தது. இரண்டு புள்ளியும் தெரிந்தது. வளையத்தில் பொட்டு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கிளம்பும்போது, பௌர்ணமிக்கும் பார் என்று மட்டும் சொன்னாய். பிறகு பல்வலியைப் பற்றிப் பேசினாய். மல்லாட்டையை நீ தின்னவில்லை, பல் விடவில்லை.

அந்தக் குச்சி என் சமையலறை ஆணியில், அரிவாள்மனைக்கு மேலே தொங்குகிறது.

போன மார்கழியில் உன் சாவுக்கு வந்தேன். பெட்டியில் உன்னைப் படுக்க வைத்து, கையில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள், நான் உன் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்தேன். நகத்தோரம் அந்தக் கறுப்பு அப்படியே இருந்தது. எத்தனை சோப்பு போட்டாலும் போகாது என்பாயே, அதேதான். கல்லறையில் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு டிரைவர் இன்னொருவனிடம் மெல்லச் சொன்னான்: “தங்கமான மனுசன். கடைசில கைதான் தளந்துபோச்சு.” அவன் அதை இரக்கத்தோடுதான் சொன்னான். மண் ஒட்டிய கையோடு நின்றேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

திறந்தது போன ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை புது வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே, இனிமேல் கம்பெனியிலேயே சர்வீஸ், அந்தத் திண்டிவனம் மேஸ்திரி மாதிரி போல்ட்டை முடுக்காமல் விடமாட்டார்கள் என்றான். பதினோரு வருஷமாகச் சொல்கிற வார்த்தைதான். ஆனால் நீ மண்ணுக்குள் போன பிறகும் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தேன்.

“போல்ட் இறுக்கமாத்தான் இருந்துச்சி. குச்சிய நான் பாக்கல. தையிலேருந்து சித்திரை வரிக்கும் ஒருநாள் கூடப் பாக்கல. பாத்தேன்னு சொன்னது பொய்.”

பதினோரு வருஷம் நெஞ்சில் வைத்திருந்ததைச் சொன்னால் வீடு இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் விழவில்லை. மாப்பிள்ளை ரசத்தைக் குடித்துவிட்டு, இன்னும் அந்த ஆளுக்குப் பரிந்து பேசுகிறீர்களே அத்தை என்று சிரித்தான். என் பெண் என்னைப் பார்த்து, ஏம்மா இப்போ என்கிற மாதிரிக் கண்ணைச் சுருக்கினாள். அப்போது மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த காசியம்மாள் வாயைத் திறந்தாள். அவளுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. காலை தின்றது மாலை நினைவில்லை.

“பாத்தாளே. நான்தான் துணி எடுத்துக் குடுத்தேன். நீலத் துணி.”

பதினோரு வருஷத்தில் இல்லாத துணிக்கு ஒரு நிறமும் வந்துவிட்டது, அண்ணா. அவள் முகத்தைப் பார்த்தேன். சூது இல்லை. அவள் அதை நம்புகிறாள். அந்தத் துணியை அவள் கண்ணால் பார்க்கிறாள்.

செல்வம் எழுந்து கை கழுவப் போகும்போது என் தோளைத் தட்டினான். “பெரியவங்களே சொல்றாங்க. நீதாம்மா மறந்துட்ட.”

எனக்கு மறதி என்று வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவன் சொன்னான். அவன் என் வயிற்றில் பிறந்தவன்.

தெரிந்தவர்கள் மூன்று பேர் என்றேனே, அதில் நீ போய்விட்டாய். அவள் மாறிவிட்டாள். இனி நான் ஒருத்தி. நான் எத்தனை பேரிடம் போய்ச் சொன்னாலும், என் பொய்க்கு ஒரு சாட்சி இருக்கிறது, என் உண்மைக்கு ஒன்றும் இல்லை. உண்மைக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பொட்டு. அதை எனக்காக நீயே துடைத்துவிட்டாய்.

வருகிற அமாவாசைக்குப் புது வண்டியின் குச்சியைப் பார்ப்பேன். பௌர்ணமிக்கும் பார்ப்பேன். வண்டியே சொல்லும் என்று அவர்கள் சிரிக்கட்டும். வீட்டில் சாவு விழுந்தாலும் பார்ப்பேன், தீட்டோடு பார்ப்பேன். பொட்டு மட்டும் வைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வளையத்தில் வைத்ததைக்கூட, எல்லோரும் உள்ளே போனபிறகு கட்டைவிரலால் துடைத்துவிட்டேன். உன்னைப் போலவே அழுத்தித் துடைத்தேன். சேலையில் தேய்த்தும் அந்தச் சிவப்பு முழுசாகப் போகவில்லை.

அன்றைக்கு இருந்தவர்களில் ஏழுமலையின் மேல் எனக்கு ஒன்றுமில்லை. சகாயமேரி நல்லா இருக்கட்டும். செல்வம் பிள்ளை, என்ன இருந்தாலும் விட்டுவிடலாம். பாஸ்கர் விற்கிறவன், விற்கிறவன் வாய் தன் சரக்கைத்தான் காப்பாற்றும். அவனையும் இந்த ஒரு விஷயத்தில் விட்டேன், மற்றதுக்கெல்லாம் தனிக் கணக்கு இருக்கிறது. என்னை என்ன செய்வது என்பதை அங்கே வந்த பிறகு நீயே சொல். களி உருண்டை சின்னது என்று நான் சண்டை பிடித்ததை மட்டும் அப்போது எடுக்காதே.

மிச்சம் ஒருத்தி. தினமும் அவளுக்குத் தலைவாருகிறேன். பல் இல்லாதவள் என்று களியை மோரில் கரைத்துக் கொடுக்கிறேன். நேற்றுகூட மருந்தை நான்தான் வாயில் போட்டேன். அதெல்லாம் செய்வேன், சாகும்வரை செய்வேன். ஆனால் அந்த சித்திரை வெயிலில், என் பல்லுக்குப் பின்னால் உண்மை வந்து நின்ற அந்த ஒரு மூச்சு நேரத்தில், யாரும் கேட்காமல் ஒரு துணியை எடுத்து அதன் வாயை அடைத்தாளே, அதற்கு மன்னிப்பு என்னிடம் இல்லை. சோறு போடுகிற கையாலேயே அவள் பெயரையும் எழுதி வைக்கிறேன். காசியம்மாள்.